வீட்டில் ஒரு நலொக்சோன் பெட்டி வையுங்கள்

போன குளிர்காலத்தில் ஓர் அம்மா எங்கள் மருந்துக்கடைக்கு வந்தார். வரிசையில் நிற்கவில்லை. இருமல் மருந்துகள் அடுக்கியிருந்த தட்டின் முன்னால் நின்று, கடையிலிருந்த மற்ற இரண்டு தமிழர்களும் வெளியேறும்வரை ஒரே போத்தலைத் திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டிருந்தார். அவர்கள் போன பிறகுதான் என்னிடம் வந்தார். "பிள்ளை, மூக்குக்குள் அடிக்கிற அந்த மருந்து இருக்கிறதா? எனக்கில்லை. தெரிந்த ஒருவருடைய மகனுக்கு" என்றார்.

யாருடைய மகனுக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் தேவையில்லை. அவர் கேட்டது நலொக்சோன். அபின் வகைப் போதைப்பொருள் அளவு மீறி மூச்சு நின்றுபோகிறவரை மீட்கும் மருந்து. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நலொக்சோன் பெட்டி இலவசம். வைத்தியரின் சீட்டு வேண்டாம், சுகாதார அட்டை காட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை. போதைப்பொருள் பாவிப்பவர் மட்டுமல்ல, அவருக்கு அருகில் இருக்கக்கூடிய தாய், தங்கை, நண்பர், வாடகைக்கு அறை கொடுத்தவர் என யாரும் கேட்டு வாங்கலாம். அந்த அம்மாவைக் கடையின் பின்பக்கத்துச் சிறிய அறையில் உட்கார வைத்து, பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். இருபது நிமிடங்கள் ஆனது. அந்த இருபது நிமிடங்களில் சொன்னதையும், அவசரத்தில் சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன். ஸ்காபரோவில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக மருந்தாளராக இருக்கிறேன். எங்கள் ஆட்கள் என்னிடம் கேட்பதெல்லாம் தாழ்ந்த குரலில்தான். உரக்கச் சொல்ல யாராவது வேண்டும்.

இது எங்கிருந்து வந்தது

கோடெய்ன், மோர்பின், ஒக்சிகோடோன், ஹைட்ரோமோர்போன், ஹெரோயின், பென்ரனில் எல்லாம் ஒரே குடும்பம். அபினும் அபினைப் போல வேலை செய்யும் மருந்துகளும். ஓபியோயிட் என்று சொல்வது இவற்றைத்தான். நோவைக் குறைக்கும் அதே மருந்து, அளவு கூடினால் மூளையில் மூச்சை நடத்தும் பகுதியை மந்தமாக்கிவிடும். இறப்பவர் பெரும்பாலும் மூச்சு நின்றே இறக்கிறார். இதயம் அதற்குப் பிறகுதான் நிற்கிறது. இந்த இடைவெளியில்தான் ஒருவரைக் காப்பாற்ற முடிகிறது. சில நிமிடங்களே இருக்கும் இடைவெளி.

1996இல் ஒக்சிகொன்ரின் என்ற ஒக்சிகோடோன் குளிசை சந்தைக்கு வந்தபோது, இதற்கு அடிமையாகும் ஆபத்துக் குறைவு என்று விற்றார்கள். அது பொய்யான விளம்பரம் என்று 2007இல் அதைத் தயாரித்த பேர்டியூ குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் முதுகு நோவுக்கும் பல் பிடுங்கியதற்கும் அதை எழுதிக்கொடுத்து முடிந்துவிட்டது. 2012இல் கனடாவில் அந்தக் குளிசையை நிறுத்தி, எளிதில் பொடியாக்க முடியாத வேறு வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். அந்த வாரங்களில் கடையில் நான் பார்த்த முகங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன. குளிசையைத்தான் மாற்றினார்கள். அதற்குப் பழகிப்போன உடல்களுக்கு யாரும் எதையும் ஏற்பாடு செய்யவில்லை. தெருவில் காத்திருந்தது பென்ரனில். மோர்பினைவிட ஏறத்தாழ நூறு மடங்கு வலிமை கொண்டது. வைத்தியசாலையில் அதை மைக்ரோகிராமில் அளக்கிறோம். தெருவில் அளப்பவர் இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2016 ஏப்ரலில் பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது. அந்த ஆண்டிலிருந்து கனடா முழுவதும் 50,000க்கும் அதிகமானவர்கள் ஓபியோயிட் நஞ்சாகி இறந்திருக்கிறார்கள்.

என் மகன் பெர்கொசெற் என்ற ஒக்சிகோடோன் கலந்த நோக்குளிசை மட்டும்தான் எடுக்கிறான், பென்ரனில் தொடமாட்டான் என்று சொல்லும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மருந்துக்கடையில் இருந்து வராத குளிசை எதுவும் அதன் மேல் பொறித்திருக்கும் எழுத்து சொல்லும் மருந்தாக இருக்க வேண்டியதில்லை. பச்சை நிறத்தில் 80 என்று பொறித்து, ஒக்சிகொன்ரின் போலவே அச்சடித்த பென்ரனில் குளிசைகள் பல ஆண்டுகளாக இங்கே புழக்கத்தில் இருக்கின்றன. உங்கள் மகன் பொய் சொல்லாமலே இருக்கலாம். அவனுக்கே தெரியாமலும் இருக்கலாம்.

பெட்டியை எங்கே வைப்பது

மூக்கில் அடிக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஊசி வகையும் உண்டு. ஆனால் கை நடுங்கும் நேரத்தில் சிறு கண்ணாடிக் குப்பியை உடைத்து மருந்தை இழுப்பது கடினம். பெட்டிக்குள் 4 மில்லிகிராம் தெளிகருவிகள் இரண்டு, கையுறை, வாய்மேல் வைத்து மூச்சு ஊதுவதற்கான தடுப்புத்தாள் ஆகியவை இருக்கும்.

அந்த அம்மா, "சாமி அறை அலுமாரியில், பட்டுச்சேலைகளுக்குக் கீழே வைக்கிறேன், விருந்தாளிகள் கண்ணில் படாது" என்றார். வேண்டாம் என்றேன். விருந்தாளியின் கண்ணில் படாத இடம் உங்கள் இளைய மகளின் கண்ணிலும் படாது. மகன் நிலக்கீழ் அறையில் இருக்கிறான் என்றால், அந்தப் படிக்கட்டின் மேலே, வீட்டில் எல்லாரும் அறிந்த ஓர் ஆணியில் மாட்டுங்கள். வீட்டிலுள்ள எல்லாருக்கும் சொல்லுங்கள், அம்மம்மாவுக்கும்கூட. காருக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள். எங்கள் குளிரில் மருந்து உறைந்துபோகும்.

பெட்டி வைத்தால் பாவிக்கத் தைரியம் கொடுத்ததாகாதா என்று பலர் கேட்கிறார்கள். நலொக்சோன் உடலுக்குள் போனால் அவனுக்கு வருவது இன்பம் அல்ல. குளிர், வியர்வை, வாந்தி, உடல் முழுக்க நோ. அதை நம்பி யாரும் கூடுதலாக எடுப்பதை நான் கண்டதில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது

தூக்கமா, ஆபத்தா என்ற குழப்பத்தில்தான் நேரம் போகிறது. குறட்டை விடுகிறான், தூங்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டுப் போன தகப்பன் ஒருவரை எனக்குத் தெரியும். அது குறட்டை அல்ல. தொண்டை தளர்ந்து மூச்சு அடைபடும்போது வரும் களகளவென்ற சத்தம். வழக்கமாகக் குறட்டை விடாத பிள்ளை அப்படிச் சத்தமிட்டால் உடனே எழுப்பிப் பாருங்கள்.

உதடு நீலமாகும் என்று ஆங்கிலத் துண்டறிக்கைகளில் எழுதியிருக்கும். நம் நிறத்தில் நீலத்தைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். உதடு சாம்பல் பூத்தது போல மங்கும். கீழ் உதட்டை இழுத்து உட்பக்கத்தைப் பாருங்கள், நகங்களின் அடியைப் பாருங்கள். கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருக்கலாம். ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். மார்பு உயர்ந்து தாழ்கிறதா என்று பார்ப்பதுதான் முதன்மை. ஐந்து ஆறு விநாடிகளுக்கு ஒன்றுகூட மூச்சு வரவில்லை என்றால், அல்லது ஒழுங்கில்லாமல் விக்குவது போல வந்தால், தாமதிக்காதீர்கள்.

செய்ய வேண்டியது

பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். தோளை உலுக்குங்கள். கையை முஷ்டியாக மடக்கி, விரல் மூட்டுகளால் நடுநெஞ்சு எலும்பின் மேல் அழுத்தித் தேயுங்கள். நன்றாகவே நோகும். தூங்குபவன் எரிச்சலோடு கையைத் தட்டிவிடுவான். அசைவே இல்லையென்றால் 911ஐ அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டு, தொலைபேசியைத் தரையில் வையுங்கள். இரண்டு கைகளும் உங்களுக்கு வேண்டும்.

ஆங்கிலம் வராது என்று பயந்து, வேலையிலிருக்கும் மகளுக்கு முதலில் அழைத்து, அவள் 911க்கு அழைத்து என்று நிமிடங்களை இழக்காதீர்கள். "அம்புலன்ஸ்", "நொட் பிறீதிங்", "தமிழ்" என்ற மூன்றைச் சொன்னால் போதும். பிறகு வீட்டு முகவரி. ரொறன்ரோவில் 911 இணைப்பிலேயே மொழிபெயர்ப்பாளரைச் சேர்த்துக்கொள்வார்கள். வீட்டு முகவரியை ஆங்கிலத்தில் சொல்லிப் பழகிவையுங்கள். பதற்றத்தில் சொந்த வீட்டு எண்ணே மறந்துபோகும்.

அவனை மல்லாக்கப் படுக்கவைத்து, முகவாயைத் தூக்கித் தலையைப் பின்னால் சாயுங்கள். தெளிகருவியை எடுத்து, அடியில் பெருவிரலையும் குழாயின் இரண்டு பக்கத்திலும் இரு விரல்களையும் வையுங்கள். வேலை செய்கிறதா என்று காற்றில் அழுத்திப் பார்க்கவே வேண்டாம். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரே ஒரு தடவைக்கான மருந்துதான் இருக்கிறது. இப்படிப் பரீட்சித்துப் பார்த்தே ஒன்றை வீணாக்கியவர்கள் உண்டு. உங்கள் விரல்கள் மூக்கின் அடியைத் தொடும்வரை குழாயை ஒரு நாசிக்குள் நுழைத்து, பெருவிரலால் முழுவதுமாக அழுத்துங்கள். அவன் மூச்சை இழுக்க வேண்டியதில்லை. மூக்கின் உள்தோல் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும்.

அதன் பிறகு கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. மருந்து வேலை செய்ய இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகும். அந்த நிமிடங்களுக்கும் மூளைக்குக் காற்று வேண்டும். தடுப்புத்தாளை வாயின் மேல் வைத்து, மூக்கைப் பொத்தி, ஐந்து விநாடிக்கு ஒரு முறை மார்பு உயரும் அளவுக்கு ஊதுங்கள். நாடித்துடிப்பு இல்லையென்றாலோ, இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாவிட்டாலோ, 911இல் இருப்பவர் நெஞ்சை அழுத்தும் முறையைச் சொல்வார். அவர் சொல்வதைச் செய்யுங்கள். மூன்று நிமிடங்களில் மூச்சு திரும்பவில்லை என்றால் இரண்டாவது கருவியை மற்ற நாசியில் அடியுங்கள்.

இங்கே ஒன்றைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது நிலைமை மாறியிருக்கிறது. தெருவில் விற்கும் பென்ரனிலில் உறக்க மருந்துகளையும், விலங்குகளுக்குக் கொடுக்கும் மயக்க மருந்துகளையும் கலக்கிறார்கள். நலொக்சோன் ஓபியோயிட்டை மட்டும்தான் மூளையிலிருந்து தள்ளிவிடும். மற்றவை உள்ளேயே இருக்கும். ஆகவே மூச்சு திரும்பியிருக்கும், ஆனால் கண் திறக்கமாட்டான். அதைப் பார்த்துப் பயந்து மூன்று, நான்கு, ஐந்து என்று அடித்துக்கொண்டே போகாதீர்கள். அவன் எழும்புகிறானா என்று பார்க்காதீர்கள், மூச்சு விடுகிறானா என்று பாருங்கள். மூச்சு ஒழுங்காக வந்தால் ஒருபக்கமாகச் சரித்து, மேல் முழங்காலை மடக்கி, வாந்தி எடுத்தாலும் தொண்டைக்குள் போகாதபடி படுக்கவைத்து, பக்கத்திலேயே இருங்கள்.

கண் விழித்தால் கோபப்படுவான். எனக்கு என்ன செய்தாய் என்று கத்துவான். வைத்தியசாலைக்கு வரமாட்டேன் என்பான். நலொக்சோன் இருபது நிமிடத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் வலுவிழந்துவிடும். பென்ரனில் அதற்குப் பிறகும் உடலில் இருக்கக்கூடும். எழும்பி நடந்தவன் மீண்டும் மயங்கி விழலாம். திரும்பவும் எடுத்தால் இன்னும் ஆபத்து. அம்புலன்ஸ் வரும்வரை அவனைத் தனியே விடாதீர்கள்.

குளிர்ந்த தண்ணீரில் அமர்த்துவது, தேசிக்காய்ச் சாறு, தயிர், உப்புத் தண்ணீர் பருக்குவது, கன்னத்தில் அறைந்துகொண்டே இருப்பது எதுவும் உதவாது. மயங்கியவன் வாயில் ஊற்றும் எதுவும் நுரையீரலுக்குத்தான் போகும்.

பொலிஸ் வருமே என்ற பயம் இன்னும் பல வீடுகளில் கையைக் கட்டிப்போடுகிறது. 2017 மே மாதத்திலிருந்து கனடாவில் ஒரு சட்டம் இருக்கிறது. அளவு மீறியதற்கு உதவி கேட்டு அழைத்தவர் மீதும், மயங்கியவர் மீதும், அங்கே இருந்தவர்கள் மீதும், சொந்தப் பாவனைக்காகப் போதைப்பொருள் வைத்திருந்ததாகக் குற்றம் சாட்ட முடியாது. விற்பனைக்கு அது பொருந்தாது, ஏற்கனவே உள்ள பிடியாணைக்கும் பொருந்தாது. மகனின் மேசையில் கிடக்கும் பொட்டலத்துக்காகப் பயந்து அழைக்காமல் இருக்கத் தேவையில்லை.

ஊருக்கு அனுப்புவதற்கு முன்

இதை எழுதும்போது எனக்குக் கை தயங்குகிறது. ஆனாலும் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியதே இதற்காகத்தான்.

எங்கள் பெற்றோருக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்: பிள்ளையை ஊருக்கு அனுப்புவது. கூட்டாளிகளிடமிருந்து பிரித்து, யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவின் வீட்டில் எட்டு மாதம் வைத்திருந்தால் திருந்திவிடுவான் என்று நம்புகிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பமும் அப்படிச் செய்தது. பையன் உடம்பு தேறி, கோயில் திருவிழாவில் காவடி எடுத்த படத்தை அவனுடைய தாய் கடைக்கே வந்து எனக்குக் காட்டினார். திரும்பி வந்து ஒரு வாரம் ஆகவில்லை. ஒரே ஒரு தடவை எடுத்தான். எட்டு மாதத்துக்கு முன்னால் எடுத்த அதே அளவு. செத்தவீட்டில் மாரடைப்பு என்று சொன்னார்கள்.

உடல் இந்த மருந்துகளைத் தாங்கப் பழகுவது போலவே, நிறுத்தினால் அந்தத் தாங்கும் வலுவைச் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் இழந்துவிடும். ஆசையோ அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. ஆகவே சிறையிலிருந்து வந்த முதல் வாரங்கள், மருந்தில்லாமல் போதை விடுவிப்பு நிலையத்தில் இருந்துவிட்டு வீடு திரும்பிய நாட்கள், ஊரிலிருந்து வந்து இறங்கிய வாரம் எல்லாம் மிகமிக ஆபத்தானவை. பிள்ளையை விமான நிலையத்திலிருந்து கூட்டிவரும் நாளில் வீட்டில் பெட்டி இருக்க வேண்டும். "நீ பழைய அளவைத் தாங்கமாட்டாய்" என்று அவனிடம் நேராகச் சொல்லவும் வேண்டும். மீண்டும் எடுப்பாய் என்று சந்தேகப்படுவதாக நினைப்பானே என்று அந்தத் தாய் தயங்கினார். எனக்கும் அது தெரியும், நானும் அன்று அதைச் சொல்லவில்லை. படத்தைப் பார்த்து நன்றாக இருக்கிறான் என்று மட்டும் சொன்னேன்.

சிகிச்சை என்றால் என்ன

போதையிலிருந்து மீள்வதற்கு மருந்து உண்டு. பியூப்ரெனோர்பின், மெதடோன் இரண்டும் நீண்டகாலமாகப் பயன்படுபவை. அவை ஏக்கத்தையும் உடல் நடுக்கத்தையும் அடக்கி, ஒவ்வொரு நாளையும் வழக்கமான நாளாக ஆக்கித் தருகின்றன. இறக்கும் ஆபத்தையும் தெளிவாகக் குறைக்கின்றன. "ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?" என்பார்கள். என் கடைக்கு ஒவ்வொரு காலையும் ஏழரை மணிக்கு ஒருவர் வருவார். பழச்சாற்றில் கலந்த மெதடோனை என் முன்னால் குடிப்பார், இரண்டு வார்த்தை கதைப்பார், பிறகு கட்டட வேலைக்குப் போவார். முன்பு காலை எழுந்ததும் அன்றைய மருந்துக்குப் பணம் எங்கே என்று தேடியவர். இப்போது மகளின் நீச்சல் வகுப்பு எத்தனை மணிக்கு என்று சொல்கிறார். நாட்கள் செல்லச் செல்ல வீட்டுக்கு எடுத்துப்போகும் அளவும் கூடும். பியூப்ரெனோர்பினில் மாதம் ஒருமுறை போடும் ஊசியும் இருக்கிறது. தினமும் மருந்துக்கடை வாசலில் அயலவர் கண்ணில் பட விரும்பாதவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

ஒரு எச்சரிக்கை. பியூப்ரெனோர்பினைக் கூட்டாளியிடம் வாங்கித் தாங்களாகவே தொடங்கக் கூடாது. பென்ரனில் உடலில் இருக்கும்போது அதை எடுத்தால் நடுக்கமும் வாந்தியும் ஒரேயடியாக வந்து தாக்கும். அந்த அனுபவத்துக்குப் பிறகு மருந்தையே வெறுத்துவிடுவார்கள். எப்போது, எவ்வளவு என்று வைத்தியர் சொல்ல வேண்டும். ஒன்ராறியோவில் ராம் கிளினிக் என்று அழைக்கும் விரைவுச் சிகிச்சை நிலையங்கள் பல ஊர்களில் இருக்கின்றன. குடும்ப வைத்தியரின் கடிதம் இல்லாமலே போகலாம். எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் கொனெக்ஸ் ஒன்ராறியோ என்ற தொலைபேசித் தகவல் சேவையை 1-866-531-2600 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

தாதியரின் மேற்பார்வையில் போதைப்பொருள் பாவிக்கும் நிலையங்கள் குறித்து எங்கள் ஆட்களிடையே கோபம் அதிகம். வான்கூவரில் 2003இல் தொடங்கிய இன்சைட் என்ற நிலையம்தான் வட அமெரிக்காவில் சட்ட அனுமதியோடு நடந்த முதலாவது. ஒன்ராறியோவில் பள்ளிக்கூடங்களுக்கு அருகிலிருந்தவற்றை 2025இல் மூடச் சொன்னார்கள். பள்ளிக்குப் பக்கத்தில் வேண்டாம் என்ற தாயின் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் பூட்டிய குளியலறைக்குள் தனியாக இறப்பதைவிட, தாதி ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும் இடம் மேல் என்றே நான் நினைக்கிறேன்.

பிள்ளையிடம் எப்படிக் கதைப்பது

அந்த அம்மா எழும்பும்போது கேட்டது இதைத்தான். "எதைச் சொல்லித் தொடங்குவது?"

அவன் போதையிலோ ஏக்கத்திலோ இருக்கும் நேரத்தில் தொடங்காதீர்கள். காரில் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது நல்லது, முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை. "எங்களைத் தலைகுனிய வைத்துவிட்டாய்" என்று தொடங்கினால் அன்றோடு முடிந்தது. நான் சொல்லிக்கொடுத்தது இது: "நீ என்ன எடுக்கிறாய் என்று இன்று கேட்கமாட்டேன். எடுப்பதானால் தனியாக இருக்கும்போது எடுக்காதே. அறைக் கதவைப் பூட்டாதே. படிக்கட்டில் ஒரு பெட்டி மாட்டியிருக்கிறேன், எனக்கு அதைப் பாவிக்கத் தெரியும்." அவன் மறுக்கலாம், சிரிக்கலாம், கதவை அறைந்துவிட்டுப் போகலாம். காதில் விழுந்திருக்கும். சிகிச்சையைப் பற்றிக் கதைக்க இன்னொரு நாள் வரும்.

வீட்டிலுள்ள பெரியவர்களின் மருந்துகளையும் எண்ணிப் பாருங்கள். முழங்கால் அறுவைச் சிகிச்சையில் மீந்த குளிசைகள், அப்பப்பாவின் புற்றுநோய்க்குக் கொடுத்த பென்ரனில் ஒட்டுப்பட்டி எல்லாம் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். பாவித்த பட்டியில்கூட ஒரு குழந்தையைக் கொல்லும் அளவுக்கு மருந்து மீந்திருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்து மருந்துக்கடையில் திருப்பிக் கொடுங்கள். குழந்தை எதையாவது விழுங்கிவிட்டதென்றால் அதே நலொக்சோனைக் குழந்தைக்கும் அடிக்கலாம். உடலில் ஓபியோயிட் இல்லாவிட்டால் அது எந்தத் தீங்கும் செய்யாது.

பெட்டியின் மேல் காலாவதித் தேதி இருக்கும். தைப்பொங்கலுக்கு வீடு கழுவும்போது ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தேதி நெருங்கியிருந்தாலோ, ஒன்றைப் பாவித்துவிட்டாலோ வாருங்கள், வேறு தருவோம். புதியது கையில் கிடைக்கும்வரை பழையதை எறியாதீர்கள். வேறு எதுவும் இல்லாத இரவில் தேதி கடந்ததையும் அடிக்கலாம்.